குடை விரிந்த பின்

பிறப்பு: 1981, ஆகஸ்டு 17. பணியில் சேர்ந்த நாள்: 2006, மார்ச் 2. பணியிடம்: பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களை வளர்த்துப் பழக்கும் மையம். பொறுப்பு: குட்டிகள் பராமரிப்பு. திருமணம் 2008; ஒரே மகள், பிறப்பு 2011. சம்பளப் பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லி மையத்தில் எவரும் அவரை அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் குடையக்கா.

காரணம் எளிது. ஏழு வாரம் நிறைந்த ஒவ்வொரு குட்டியும் ஒரு வெற்றறையின் நடுவில் தனியாக விடப்படும். எதிரே நிற்பவர், பொத்தானை அழுத்தினால் படாரென விரியும் கறுப்புக் குடை ஒன்றைத் திறப்பார். குட்டி துள்ளும், துள்ளுவது குற்றமில்லை. சற்றுப் பொறுத்துக் குடையை நெருங்கி முகர்ந்து பார்க்கிறதா, மூலையில் போய் ஒடுங்குகிறதா என்பதுதான் கேள்வி. முகர்ந்தால் பயிற்சிக்கு, ஒடுங்கினால் யார் வீட்டிலாவது செல்லப் பிராணியாக. லாரி அலறும்போது மூலை தேடும் நாயை நம்பி யார் சாலையைக் கடப்பார்? குடையைத் திறப்பது அவர் வேலை. வேடிக்கை என்னவென்றால், அழுத்துவது தன் கட்டைவிரல்தான் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் குட்டிக்கு முன்னால் அவரே துள்ளிவிடுவார். கண்ணை இறுக மூடி, தோள்களைக் காதுவரை உயர்த்திக்கொண்டு.

அந்தத் துள்ளல் குடும்பச் சொத்து. அவருடைய அப்பா ஓர் அலுவலகத்தில் காவலாளியாக இருந்தார். தொலைபேசி மணியடித்தாலே நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவார். தம்பி, ரொட்டி சுடும் இயந்திரத்திலிருந்து ரொட்டி மேலெழும்போது பின்வாங்குகிறவன். மகளுக்கோ பள்ளிப் பேருந்து. அது நிற்கும்போது அடியிலிருந்து 'புஸ்ஸ்' என்று காற்று சீறும்; அந்தச் சீறலைக் கேட்டதும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பி ஓடத் தொடங்கிவிடுவாள். எனவே மூன்று ஆண்டுகளாக அம்மாவும் மகளும் நடந்தே பள்ளிக்குப் போனார்கள்.

2019 ஏப்ரலில் மையத்தின் பணிநேரம் மாறியது. ஜூன் முதல் அவர் காலை எட்டு மணிக்கே வேலையில் இருக்க வேண்டும். மகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுப் போக நேரமிருந்தது. பள்ளிவரை நடக்க இல்லை. மின்தூக்கி பழுதுபார்க்கும் கணவர் விடியும்போதே கிளம்பிவிடுகிறவர். செய்தி எப்படியோ வேற்றூரிலிருக்கும் நாத்தனாருக்கு எட்டியது.

"அண்ணி, பிள்ளையை இங்க அனுப்பிடுங்க. வாசலுக்கு எதிர்லயே பள்ளிக்கூடம். பஸ்ஸும் வேண்டாம், பாடும் வேண்டாம்."

"ரெண்டு மாசம் இருக்கே. பழகிடுவா."

"எங்க பழகறது? உங்கப்பா பழகினாரா? உங்க தம்பி இன்னிக்கும் ரொட்டிக்குப் பயப்படறாரு! ரத்தத்துல இருக்கு அண்ணி. நான் குறையா சொல்லலை."

குறையாகச் சொல்லவில்லை என்று சொல்கிறவர்களின் குரலில்தான் அதைச் சொன்னாள். ஆனால் குடையக்காவை உறுத்தியது அந்தக் குரலன்று. அவள் சொன்னது சரியாக இருக்குமோ என்பதுதான். கறுப்பி என்ற தாய் நாய் மையத்தில் இருந்தது. இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். அதன் முதல் இரண்டு ஈற்றுக் குட்டிகளும் பெரும்பாலும் மூலையைத்தான் தேடின. மூன்றாம் ஈற்றும் அப்படியானால் இனி அதை ஈன விடுவதில்லை என்று மையத்தின் கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். நாய்க்கு அப்படியென்றால் மனிதருக்கு மட்டும் வேறா?

தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதிய உணவுக்குத் தம்பியும் வந்திருந்தபோது, மேசைக்குப் பின்னால் நின்று, மையத்திலிருந்து கொண்டுவந்த குடையைத் திறந்தார். தம்பியின் கையிலிருந்த தம்ளர் தரையில் உருண்டது. மகள் மேசைக்கடியில் இருந்தாள். கணவர் மட்டும் மென்றுகொண்டே திரும்பிப் பார்த்தார்.

"என்ன, வீட்டுக்குள்ள மழையா?"

"அக்கா, உனக்குப் பைத்தியமா?" என்றான் தம்பி, சட்டையைப் பிழிந்துகொண்டு. "சொல்லிட்டுத் திறக்கக் கூடாதா?"

"சொன்னா அது சோதனை இல்லடா."

துள்ளியவர்கள் தன் பக்கம் மூவர், தன்னையும் சேர்த்து. துள்ளாதவர் வெளியிலிருந்து வந்த ஒருவர். கணக்கு நாத்தனார் பக்கமே சாய்ந்தது. அன்று மாலையே மகளின் துணிகளில் எவையெவை அனுப்பலாம் என்று எடுத்து வைக்கத் தொடங்கினார்.

மறு வாரம் கறுப்பியின் மூன்றாம் ஈற்று, எட்டுக் குட்டிகள், சோதனைக்கு வந்தன. முதல் நான்கும் துள்ளின. நான்கும் மூலைக்குப் போயின. சன்னல் தாழ்ப்பாளைச் சரிசெய்ய வந்து, வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் அப்போது வாயைத் திறந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. குட்டி குடையைப் பாக்கலை. துள்ளினதும் உங்க மூஞ்சியைத்தான் பாக்குது. நீங்க அடிவாங்கப் போறவங்க மாதிரி நிக்கறீங்க. அப்புறம் அது எங்க போகும்?"

முடிவுகளைக் குறித்துக்கொண்டிருந்த மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "மிச்சம் நாலுக்கும் நீங்க திறங்க பார்ப்போம்" என்று குடையைத் தோட்டக்காரரிடம் நீட்டினார். நாளெல்லாம் புல்வெட்டும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். குடை விரிந்தபோது இமைகூட அசையவில்லை. நான்கு குட்டிகளும் முன்னவை போலவே துள்ளின. அவர் முகத்தைப் பார்த்தன. பிறகு மூன்று குட்டிகள் தயங்கித் தயங்கி வந்து குடைக்கம்பியை முகர்ந்தன. ஒன்று அதைக் கடித்தும் பார்த்தது.

"அப்போ இத்தனை வருஷமா நான்தான் குட்டிகளைக் கெடுத்தேனா, டாக்டரம்மா?"

"அவசரப்படாதீங்க. எட்டுக் குட்டியை வெச்சு ஒண்ணும் முடிவு கட்ட முடியாது. ஆனா ஒண்ணு பாருங்க, எட்டுமே துள்ளிச்சு. அது கறுப்பி கொடுத்தது, மறுக்க முடியாது. துள்ளினதுக்கு அப்புறம் என்ன செய்யறதுங்கறது வேற கதை மாதிரி இருக்கு. அதைப் பக்கத்துல இருக்கறவங்களைப் பார்த்து எடுத்துக்குதோ என்னமோ."

"துள்றதை மாத்தவே முடியாதா?"

"எதுக்கு மாத்தணும்? புதருக்குள்ள ஏதோ அசைஞ்சப்போ துள்ளினவங்கதான் நமக்கெல்லாம் முன்னோர். துள்ளாதவன் புலி வாய்க்குள்ள போயிருப்பான்."

"எங்க வீட்டுக்காரரோட முன்னோர் எப்படித் தப்பிச்சாங்க?"

"புலிக்குப் பசியில்லை போலிருக்கு" என்றார் தோட்டக்காரர்.

கறுப்பியைப் பற்றிய முடிவு ஒத்திவைக்கப்பட்டது. இனி குடையைத் திறப்பவர் பலகைத் தடுப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று விதி மாறியது. தடுப்புக்குப் பின்னாலும் குடையக்கா துள்ளினார், பார்க்கத்தான் எவருமில்லை.

வீட்டிலோ தடுப்பு இல்லை. அதை அவர் பேருந்து நிறுத்தத்தில்தான் கண்டுகொண்டார். பள்ளி திறந்த முதல் நாள். அனுப்ப எடுத்துவைத்த துணிகளைத் தொடாமல், மகளைப் பேருந்தில் ஏற்றிப் பார்க்க அழைத்து வந்திருந்தார். தெருமுனையில் பேருந்தின் மூக்கு தெரிந்ததுமே தன் கை மகளின் காதைப் பொத்தப் போவதையும், தன் தோள்கள் உயர்வதையும், மகள் பேருந்தைப் பார்க்காமல் தன்னை அண்ணாந்து பார்ப்பதையும் முதன்முறையாகக் கவனித்தார். கையைக் கீழே இறக்கினார். 'புஸ்ஸ்' என்றது. இருவரும் துள்ளினார்கள். மகள் ஓடத் திரும்பியபோது, அம்மா வீட்டுப் பக்கம் வராமல் பேருந்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். மகள் நின்றாள்.

"அண்ணே, இந்தச் சத்தம் எங்கேர்ந்து வருது?"

"காத்தும்மா" என்றார் ஓட்டுநர். "பிரேக் போட்டதும் வெளிய விடுது. வண்டிக்கு ஏப்பம்னு வெச்சுக்கங்க." விளையாட்டுக்கு இன்னொரு முறையும் விட்டுக் காட்டினார். குடையக்கா மறுபடி துள்ளிப் படியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீ என்னைவிட மோசம்" என்றாள் பின்னால் வந்து நின்ற மகள்.

"ஆமா. ஆனா உள்ள எப்படியிருக்குன்னு எனக்குப் பாக்கணும். உனக்கு?"

அன்று மகள் ஏறவில்லை. முதற்படியில் ஒரு காலை வைத்துப் பார்த்ததோடு சரி. நடந்தே போனார்கள்; குடையக்கா வேலைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். அன்றிரவு நாத்தனார் அழைத்தபோது, "இந்த மாசம் போகட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதம் பள்ளி நடந்த நாட்கள் இருபத்திரண்டு. மகள் பேருந்தில் சென்றவை பத்தொன்பது. ஏறுமுன் துள்ளியவை பத்தொன்பது.