காக்க வைத்த மெட்டு

ஈப்போவிலிருந்து தாப்பா போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. அதன் பையில் இரண்டு மியூசிக் பிளேயர்கள் இருந்தன. ஒன்று பழுதானது, இன்னொன்று வேறு கம்பெனியின் புதுசு.

சிம்பாங் பூலாய் தாண்டியதும் பழுதான பிளேயரின் கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்த பெண்ணிடம், “துங்கு செகெஜாப்” என்று காத்திருக்கச் சொல்லிவிட்டு, புது பிளேயரைப் போனருகே பிடித்தார். ஏதோ கீபோர்டு மெட்டு ஓடியது. அந்தப் பெண் போனை வைக்கும்வரை கையை எடுக்கவில்லை.

“ரிப்பேருக்குப் போன் பண்றப்பல்லாம் இதப் போட்டுத்தான் காக்க வச்சானுங்க லா. கடைசில வாரண்டி முடிஞ்சிருச்சுன்னுட்டானுங்க. ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன். கேக்கட்டும்.”

“அந்தப் பொண்ணு என்னண்ணே பண்ணும்?”

“நான் மட்டும் என்ன பண்ணேன்?”

“புது கம்பெனி எப்படி?”

“தங்கம் லா. பட்டன் ஒட்டிக்கிச்சுன்னு சொன்னேன், மறுநாளே வேற குடுத்துட்டாங்க.” ஆசையாகத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

அதில் அந்த ஒரு மெட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

“பாட்டு ஏத்தலியாண்ணே?”

“மொதல்ல அவனுங்க மன்னிப்பு கேக்கட்டும்.”

தாப்பாவில் இறங்கி நடக்கும்போதும் போன் அவர் காதில்தான் இருந்தது. அவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டால் இந்த மனிதர் என்ன செய்வார் என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.