ஆறில் இரண்டு என்றாள் மகள்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஆடி மாதம் நடந்தது இது. கோலார் தங்கவயலில் பாலகாட் பக்கம், மைன்ஸ் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வரிசை வீடு ஒன்றில் நாங்கள் இருக்கிறோம். லைன் வீடு என்பார்கள். என் கணவரின் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கேதான். மைன்ஸை மூடிய பிறகு உள்ளூரில் வேலை ஏது? ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் விடிவதற்கு முன்பே பெங்களூர் ரயிலைப் பிடித்துவிடுவார். திரும்பி வரும்போது நானும் மகளும் சாப்பிட்டு முடித்திருப்போம். அவர் முகத்தை வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

நான் மதுரைப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே, "இன்னாமா, சினிமால பேசற மாதிரி பேசற" என்று லைன் பெண்கள் சிரிப்பார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்துவிடும். சண்டை போடவும் தெரியாது, சேர்ந்து சிரிக்கவும் வராது. பேசாமல் கதவைச் சாத்திக்கொள்வேன். அப்படிச் சாத்திச் சாத்தியே, பன்னிரண்டு வருடம் கழித்தும் லைனில் நின்று பேச எனக்கு ஆள் இல்லாமல் போனது.

மகளுக்கு அப்போது பத்து வயது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவளுக்கு வீசிங் வந்தது. மைன்ஸ் கழிவு மண்மேட்டின் பக்கமிருந்து காற்று அடித்தால் வெள்ளைத் தூசி கிளம்பி வந்து, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில்கூடப் படியும். "கொஞ்ச மாசம் வீட்லயே வெச்சுப் பாத்துக்கோங்க" என்றார் டாக்டர். அவளை ஐந்தாம் வகுப்பின் பாதியில் நிறுத்தினோம். தசரா லீவு முடிந்ததும் ஒரு டெஸ்ட் வைப்போம், தேறினால் கூடப் படித்த பிள்ளைகளோடு ஆறாவதில் உட்காரலாம், இல்லாவிட்டால் மறுபடியும் ஐந்தாவதுதான் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதுவரை பாடம் நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மற்ற பாடங்கள் எப்படியோ ஓடின. கணக்குதான் பயமாக இருந்தது. வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் அம்மாக்களின் வீடியோக்களை எல்லாம் போனில் பார்த்தேன். தினமும் ஒரு பாடம், பத்துக் கணக்கு, நாலைந்து தப்பு வந்தால் மறுநாளும் அதே பாடம், பிள்ளையின் வேகத்துக்குத்தான் போகவேண்டும், அவசரப்படுத்தவே கூடாது என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அப்படியே ஆரம்பித்தேன்.

பெருக்கல், வகுத்தல் எல்லாம் மளமளவென்று முடிந்தன. பின்னத்துக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. அரையையும் காலையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஆறில் இரண்டு என்று எழுதினாள். சரி, புரியவில்லை என்று தோசையை வெட்டிக் காட்டினேன். அப்பளத்தை உடைத்துக் காட்டினேன். அது என்றைக்குச் சமமாக உடைந்தது? இருவரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, நொறுங்கியதை எல்லாம் தின்றோம். மறுநாளும் ஆறில் இரண்டு. அதற்கு அடுத்த வாரமும் ஆறில் இரண்டு. நான் அவளை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. எனக்குள் இத்தனை பொறுமை இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம்.

உண்மையைச் சொன்னால் அந்த நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன். காலைப் பலகாரம் முடிந்து உட்கார்ந்தால் சில நாள் மதியச் சமையல் வரைக்கும் இழுக்கும். குரலை மாற்றிப் பேசுவேன், கதை சொல்லிக் கணக்குப் போடுவேன். புத்தகத்தை மூடியதும் அவ்வளவுதான். அதற்குப் பிறகு பொழுது நகராது. தூசிக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் அடைத்து வைத்திருப்போம். கட்டிலின் ஓரத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அதில் எதையும் பார்க்கவும் மாட்டேன். அழுகை வந்தால் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பேன். மகள் பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருப்பாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

ஞாயிறுதோறும் கணவர் கேட்பார். "ஃப்ராக்‌ஷன் முடிஞ்சுதா?" இல்லை என்பேன். "இதுலயே நின்னுக்கினு இருந்தா டெஸ்ட்டுக்கு இன்னா பண்றது? சின்னப் பசங்களோட உக்கார வெச்சுடுவாங்களே" என்று கவலைப்படுவார்.  மக்காகிவிட்டாளோ, வீட்டில் அடைத்து வைத்து நான்தான் அவளைக் கெடுத்துவிட்டேனோ என்று என் மனதும் அடித்துக்கொள்ளும். இருந்தாலும் திங்கட்கிழமை மறுபடி தோசையை வெட்ட உட்கார்ந்துவிடுவேன்.

அந்த ஆடியில், எங்கள் லைன் அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற நாள் குறித்தார்கள். வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு கொடுக்கவேண்டும். முந்தின நாள் சாயங்காலமே எல்லாவற்றையும் சேர்த்துக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மாவு சேர்க்கும் பொறுப்பு எதிர்வீட்டு அக்காவுடையது. வாசலில் வந்து நின்று, "இன்னாமா, பொண்ணையும் உன்னையும் இப்படிப் பூட்டி வெச்சுக்கினு கீற? மழ பேஞ்சு தூசியெல்லாம் அடங்கிட்சு. அவள கோயிலுக்கு அனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்றார். மகள் என் முகத்தையே பார்த்தாள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அனுப்பிவிட்டேன். மாவை நான் கொண்டுவருகிறேன் என்றேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

நான் போனபோது பெரிய அண்டாவில் கரைத்து முடித்திருந்தார்கள். நேரம் கழித்து வந்த மாவுக்குத் தனியாக ஒரு குண்டான் வைத்திருந்தார்கள். அதில் ஒரு வீட்டு மாவு அரைப்படி இருந்தது. கோடிவீட்டு அண்ணன் தம்பிகள் மூவரும் சேர்ந்து வருடா வருடம் ஒரு படி கொடுப்பது வழக்கம், ஆளுக்குச் சமபங்கு. அந்த வருடம் ஒருவர் பெங்களூருக்குக் குடிபோய்விட்டதால் இரண்டு பங்குதான் வந்து அதில் சேர்ந்திருந்தது. "படிக்கு ஆறு சொம்பு தண்ணி ஊத்துவோம். இத்துக்கு எவ்ளோ ஊத்தறது? கண்ணாலயே பாத்து ஊத்திக்கலாமா?" என்று அக்கா பொதுவாகக் கேட்டார்.

"ஏழு சொம்பு" என்றது ஒரு குரல். என் மகள். குண்டான் பக்கத்தில் குந்தியிருந்தாள், நான் வந்து நின்றதைப் பார்க்கவில்லை.

"எப்படிடி?"

"அரைப்படி இருக்குது. அவங்களுது மூணுல ரெண்டு பங்கு. சேத்தா ஒரு படியும், மேல ஆறுல ஒரு பங்கும் வருது. ஒரு படிக்கு ஆறு, அந்த ஒரு பங்குக்கு ஒண்ணு. ஏழு."

எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னாள். அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏழு சொம்பு ஊற்றினார். அன்று காலையில்கூட அரையும் காலும் ஆறில் இரண்டு என்று எழுதியவள் அவள். எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னை இத்தனை நாளாக ஏமாற்றியிருக்கிறாளே என்று உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மாவைக் கொடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

"தெரிஞ்சே தப்பாப் போட்டியா?" என்று வழியில் கேட்டேன்.

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எதுக்குடி?"

 நடந்தபடியே சொன்னாள். "சரியா போட்டா நீ புக்க மூடிடுவ. மூடினா அப்புறம் பேசவே மாட்ட. கணக்கு போடறப்பதான்மா நீ சிரிக்கற."

"டெஸ்ட்ல என்ன பண்ணுவ? ஃபெயிலாயிடுவியே."

"ஃபெயிலானா இன்னா? இன்னும் ஒரு வருசம் வூட்லயே படிக்கறேன்னு சொல்லிடலாம்ல. நான் ஸ்கூலுக்குப் பூட்டா நீ ஒண்டியா இருப்ப."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. லைன் நடுவில் நின்றுவிட்டேன். இரண்டு பெண்கள் ஏதோ கேட்டபடி எங்களைத் தாண்டிப் போனார்கள். கூடப் படித்த பிள்ளைகளை எல்லாம் விட்டுவிடத் தயாராக, டெஸ்ட்டிலும் தோற்க முடிவு பண்ணி வைத்திருக்கிறாள் பத்து வயதுப் பெண். யாருக்காக? நான் அவள் வேகத்துக்கு மெதுவாகப் போகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். குழந்தைதான் எனக்காகத் தன் காலைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மறுநாள் கூழ் ஊற்றும் இடத்துக்கு நானும் போனேன். ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. "சினிமா வந்துட்சு" என்று ஒருத்தி சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். வெங்காயம் நறுக்கித் தந்தேன். திரும்பி வந்து கதவைச் சாத்தியபோது அதே வீடுதான், அதே அமைதிதான். ஆனால் அன்றிலிருந்து அழுகையை மறைக்கக் குழாயைத் திறக்கவில்லை. கணக்குப் புத்தகத்தை மூடிய பிறகும் எழுந்து போகாமல் அவளோடு உட்கார்ந்து, பட்டாணியாவது உரித்துக்கொண்டு, எதையாவது பேசினேன். ஆரம்பத்தில் பேச விஷயமே கிடைக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர், "நான்கூட ரயில்ல அவ்ளோ பேரு நடுவுல யாரோடயும் பேசறதில்ல" என்றார். அன்று சாயங்காலம் மூவருமாக ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய்வந்தோம்.

பின்னம் ஒரே வாரத்தில் முடிந்தது. தசரா முடிந்து டெஸ்ட் எழுதினாள், ஆறாவதில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் அவளை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது வீடு என்னை விழுங்குவதுபோல இருந்தது. எழுந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். என்ன கேட்பது என்று தெரியாமல், தேவையே இல்லாத புளியைக் கேட்டு வாங்கி வந்தேன்.

தனிமை இன்னும் என்னோடுதான் இருக்கிறது, அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் மகள் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்து நீட்டினால், அதைத் திருத்துவதற்கு முன், சற்று முன்வரை என் முகம் எப்படி இருந்தது என்றுதான் யோசிக்கிறேன்.