தண்ணீரில் ஒரு கண்டம்

பிற்பகல் இரண்டு மணி நாற்பதுக்கு என் முகமூடி காற்றில் பறந்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூன் மாதம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ரைன் ஆற்றங்கரைப் படிகளில் எங்கள் வகுப்பின் நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது.

பழைய கிரேக்க நாடகம். அரசனுக்குக் குறி சொல்லும் பூசாரிப் பெண் நான். அந்தக் கதைகளில் கடவுள் யாரையும் பிடித்துத் தள்ளுவதில்லை, நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவார், தப்ப ஓடுகிறவன் அந்த ஓட்டத்தாலேயே அகப்படுவான் என்று ஆசிரியை விளக்கியிருந்தார். அதை அப்படியே வீட்டில் ஒப்புவித்தேன்.

"அப்பா, கிரேக்கரும் சாத்திரம் கேட்டவையாம்."

"பின்னை? விதி எல்லாருக்கும் ஒண்டுதான் பிள்ளை" என்றார், எனக்கு அட்டையில் முகமூடி வெட்டிக்கொண்டே.

என் சாதகக் குறிப்பில், தண்ணீரில் ஒரு கண்டம் என்று ஊர்ச் சாத்திரியார் எழுதியிருந்தார். ஆகவே வியாழக்கிழமைதோறும், நீச்சல் வகுப்பு நாளில், எனக்குத் தவறாமல் காதுவலி வரும். விலக்குக் கேட்கும் கடிதத்தில் அப்பா கையெழுத்திடுவார். வகுப்பில் நீந்தத் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

பறந்த முகமூடி கடைசிப் படியருகே மிதந்தது. எடுக்க எட்டினேன். பாசி வழுக்கியது. ஆறு என்னை இழுத்துக்கொண்டு போனது. எங்கும் பச்சை. அன்று உண்மையாகவே காது வலித்தது. பின்னலைப் பிடித்து என்னைக் கரைசேர்த்தவள் அரசனாக நடித்த நெட்டைப் பெண். சற்றுமுன்தான் அவளுக்கு அழிவு வருமென்று குறி சொல்லியிருந்தேன்.

இன்று என் மகள் அதே ஆற்றில் நீந்துகிறாள். அவளுக்கு நான் சாதகமே எழுதுவிக்கவில்லை. ஆனாலும் கரையில் துவாயோடு நின்று, அவள் தலை மேலே வரும்வரை மூச்சுவிட மறக்கிறேன்.

அன்று கடைசியாக வந்தவர் அப்பா. உணவகச் சமையலறையிலிருந்து ஏப்ரனோடு ஓடிவந்தார். நீந்தத் தெரிந்திருந்தால் இவ்வளவும் வந்திராது என்றார் ஆசிரியை. மொழிபெயர்த்தேன். அப்பா ஏப்ரன் நுனியால் என் காதைத் துடைத்தார்.

"ஒரு கண்டமெண்டுதானே எழுதினவர். அது கழிஞ்சுது. வாற வியாழன் நீந்தப் போ."

"வியாழக்கிழமை நீந்த வருவேன்" என்று மட்டும் ஆசிரியையிடம் சொன்னேன். தன் நியாயம் வென்றதென்று அவர் தலையசைத்தார்.

டிராமுக்காக நிற்கும்போது அப்பா மெல்லக் கேட்டார்: "அந்த அரசன், தப்ப ஓடினவன்... அவன்ரை பிழைதானோ பிள்ளை எல்லாம்?"

நாடகத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"ஓம் அப்பா" என்றேன்.