ஓட்டுநர் இருக்கையின் உட்புறம்

என் கணவர் உக்கிரபாண்டி, அருப்புக்கோட்டை பந்தல்குடி சாலையில் ஒரு தகரக் கொட்டகையில் கார் சீட் தைத்தார். திருச்சுழிக்குத் தெற்கே இருந்த எங்கள் மானாவாரி நிலத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து விளைச்சல் பொய்த்தபோது, பழைய பஸ் சீட்டுகளைப் பிரித்துப் பிரித்து அவராகவே கற்றுக்கொண்ட தொழில் அது. அவரைப் பற்றி இங்கே நான் எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் என்னிடம் தாள் உண்டு. ஒன்றுக்கு மட்டும் இல்லை. அந்த ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன்.

2022 மார்ச் 14 அன்று, மதுரையில் கார் அலங்காரக் கடை வைத்திருக்கும் ஆனந்தகுமார், இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை லாரியில் ஏற்றி அனுப்பினார். முன்பு அதை வைத்திருந்தவர் பந்தயத்துக்காக எடையைக் குறைக்க வேண்டி, உள்ளிருந்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். இருக்கை, தரைவிரிப்பு, கதவின் உள்ளட்டை, கூரைத்துணி எதுவும் இல்லை. வெறும் தகரமும் தொங்குகிற வயர்களும்தான் இருந்தன.

பக்கத்துப் பஞ்சர் கடை சுந்தரபாண்டி தலையை நீட்டிப் பார்த்தார்.

“ஏலே உக்கிரபாண்டி, இது காரா, கார் ஓடா? இதுல உக்காந்தா ரோட்டுலயே சம்மணம் போட்ட மாதிரில்ல இருக்கும்!”

“நீயா உக்காரப் போற? போயி டியூப்ப தண்ணில முக்கு.”

பழைய உறை இருந்தால் அதைப் பிரித்து அளவெடுக்கலாம். இங்கே உறையே இல்லை. ஆனந்தகுமார் எங்கிருந்தோ வாங்கித் தந்த இரண்டு இருக்கைச் சட்டங்களில் இவர் நுரையை வெட்டிப் பொருத்தினார். தறிக்காரர்களிடம் காடாத்துணி வாங்கி, நுரையின் மேல் இழுத்துக் குண்டூசி குத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, முழு இருக்கையையும் முதலில் துணியிலேயே தைத்துப் பார்த்தார். மூன்று முறை தைத்து மூன்று முறையும் பிரித்தார்.

“நல்லாத்தான இருக்கு, எதுக்குப் பிரிக்கிறீக?” என்றேன்.

“துணின்னா பிரிச்சு நீவி விட்டாச் சரியாப் போகும், தங்கம். தோலு அப்பிடி இல்ல. ஊசி போன ஓட்ட மூடவே மூடாது.”

நான்காம் முறைக்குப் பிறகே தோலை வெட்டினார். ஓட்டுநர் இருக்கையின் சாய்மானத்தை மூடுவதற்கு முன், தோலின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் தன் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதினார். அதற்கு முன் எந்த வேலையிலும் அவர் அப்படிச் செய்ததில்லை.

“உள்ள எழுதுனா யாரு பாக்கப் போறா?”

“யாரும் பாக்க வேணாம். இருக்கட்டும்.”

ஏழு மாதத்தில் வேலை முடிந்தது. காரின் உரிமையாளர் விரும்பமாட்டார் என்று ஆனந்தகுமார் சொல்லியிருந்ததால் ஒரு புகைப்படமும் எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம்.

அடுத்த ஜனவரியில் கோயம்புத்தூர்க் கண்காட்சியில் அந்தக் கார் நின்றது. பலகையில் ‘உள் அலங்காரம்: ஆனந்தகுமார்’ என்று இருந்ததைச் சுந்தரபாண்டி தன் செல்போனில் காட்டினார். இவர் மதுரைக்குப் போன் செய்தார்.

“அண்ணாச்சி, எம் பேரையும் ஒரு ஓரத்துல போடுங்க. அது போதும்.”

“ஒம் பேரு யாருக்குய்யா தெரியும்? கடைப் பேரு இருந்தாத்தான் மதிப்பு.”

அதன் பிறகு, கொட்டகையில் எப்போதும் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அவர் போடவில்லை. ஆகஸ்டில் மாரடைப்பில் இறந்தார்.

காரியம் முடிந்ததும், நான் சேர்த்து வைத்திருந்த ரசீதுக் கோப்பைத் திறந்தேன். தோல், நூல், நுரை, பசை என்று எல்லா ரசீதும் தேதிவாரியாக இருந்தன. எல்லாமே ஆனந்தகுமாரின் கடைப் பெயரில் இருந்தன. தன் வரிக்கணக்குக்கு அப்படித்தான் வேண்டும் என்று அவரே கேட்டிருந்தார். ஏழு மாதம் நான் துளையிட்டுக் கோத்து வைத்தது ஆனந்தகுமாருக்கான சாட்சியம்.

காரின் உரிமையாளர் என்று அதே கண்காட்சிப் பலகையில் பெயர் இருந்த மதுரை மருத்துவர் காசிராஜனுக்குப் பதிவுத் தபால் எழுதினேன். வரச் சொன்னார். 2024 பிப்ரவரி 11 அன்று போனேன்.

“அப்பிடி ஒருத்தர் வேலையே பாக்கலன்னு ஆனந்தகுமார் சொல்றாரும்மா. பேரு உள்ள இருக்குன்னு நீங்க எழுதிருக்கீங்க. பிரிச்சுப் பாத்துருவோம். இருந்தா, அடுத்த கண்காட்சியில உங்க வீட்டுக்காரர் பேரத்தான் போடுவேன்.”

நியாயமான வார்த்தை. என் கணவரின் தையல் பிரிக்கும் கருவியையும் பசையையும் கைப்பையில் கொண்டு போயிருந்தேன். காருக்குள் குனிந்து, சாய்மானத்தின் தோள்பட்டைத் தையலில் கருவியின் முனையைச் செருகினேன். ஒரு தையல் அறுந்தது. அது இருந்த இடத்தில் கடுகளவு ஓட்டை தெரிந்தது. அடுத்த தையலுக்குக் கை போகவில்லை.

“ஏம்மா நிறுத்திட்டீங்க?”

“வேணாங்கய்யா. பிரிச்சா, திரும்பத் தைக்க அவுக இல்ல.”

“அப்ப பேரு போட முடியாதேம்மா.”

“தெரியுங்கய்யா.”

இருபுறமும் நின்ற நூல்முனைகளை, என் கணவர் செய்வதுபோலவே, உள்ளே தள்ளி ஒரு சொட்டுப் பசை வைத்துவிட்டு அருப்புக்கோட்டை பஸ் ஏறினேன்.

அறுந்த அந்த நூல்துண்டை ஒரு தாளில் ஒட்டி, தேதியிட்டு, கோப்பின் கடைசியில் வைத்திருக்கிறேன். அந்தத் தாளில் மட்டும் ஆனந்தகுமாரின் கடைப் பெயர் இல்லை.