சனிக்கிழமை என்று குத்திய முத்திரை

"ஆட்டக்காரர் எவரையேனும் கேட்டு அயல்நாட்டுக் கழகத்திடமிருந்து கடிதம் வருமாயின், அது கிடைத்த அன்றே அவ்வாட்டக்காரருக்கும் கழகத் தலைவருக்கும் தெரிவிக்கப்படல் வேண்டும்."

அபுதாபியில் நான் செயலாளராக இருந்த கால்பந்துக் கழகத்தின் நடைமுறை விதி இது. எழுதியவன் நான். மீறியவனும் நான்தான்!

கடிதம் வியாழக்கிழமை பிற்பகல் வந்தது. சனிக்கிழமை காலை வந்ததாக முத்திரை குத்தினேன். இடைப்பட்ட நேரத்தில் ஒரு மனிதனுக்குக் கிடைக்க இருந்த பிரான்ஸ் கைநழுவிப் போயிற்று... அவன் என்னை அண்ணனாக நினைத்திருந்தான்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. மன்னிப்புக்கும் ஒரு நடைமுறை உண்டு. பாதிக்கப்பட்டவர் மட்டுமே வழங்க முடியும். அவன் எங்கே இருக்கிறான் என்றே எனக்குத் தெரியாது.

அவன் பெயர் உஸ்மான். செனகல் நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கழகத்துக்கு இடது முனை ஆட்டக்காரனாக வந்தான். நெடிய கால்கள். பந்து அவனிடம் வந்ததும் ஓட மாட்டான். ஒரு கணம் நிற்பான். எதிராளி யோசிக்கத் தொடங்கியதும் அவ்விடத்தில் அவன் இருக்க மாட்டான்.

நான் திருச்சிக்காரன். முதுகலைப் பட்டம், சுருக்கெழுத்து, தட்டச்சு எல்லாம் உண்டு. கால்பந்து மட்டும் தெரியாது. கழகச் செயலாளருக்கு அது ஒரு தகுதிக்குறைவு என்று எந்த விதியிலும் இல்லை.

மாலைப் பயிற்சி முடிந்ததும் அவன் உடைகள் வைக்கும் அறையில் அமர்ந்து தேநீர் போடுவான். சின்னக் கெண்டி, சின்னக் கண்ணாடிக் குவளைகள். மூன்று முறை ஊற்றுவான். முதல் சுற்று நாக்கில் கசக்கும், மூன்றாவது பாகு. மூன்றையும் குடிக்காமல் எழுவது மரியாதையில்லை என்பான். அந்த அறையின் பொறுப்பாளன் ஜமால், கீழக்கரைக்காரன், முதல் சுற்றிலேயே முகத்தைச் சுளிப்பான்.

"இதென்ன சார், கசாயத்த கிளாஸ்ல ஊத்தித் தர்றான்! நம்மூர்ல புள்ள பெத்தவளுக்குக் குடுக்குறது."

"க்யா போல்தா ஹை?" என்று என்னைக் கேட்பான் உஸ்மான், ஜமால் சொல்வது புரியாமல். மைதான ஊழியர்களிடம் கற்ற இந்தி.

"நல்லா இருக்குன்னு சொல்றான்" என்று மொழிபெயர்ப்பேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல மொழிபெயர்ப்புகளுள் அதுவும் ஒன்று.

நலம் விசாரித்தால் அவர்கள் மொழியில் "இங்கேதான் இருக்கிறேன்" என்பதே பதிலாம். தினமும் நான் கேட்பேன். தினமும் அவன் அப்படியே சொல்வான், சிரித்துக்கொண்டு.

ஆனால் அவனுக்கு இங்கே இருக்க விருப்பமில்லை. பிரான்சில் ஆட வேண்டும். அங்கே ஆடுபவர்களைத்தான் அவன் நாட்டுத் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள். ஒரே ஒரு முறை நாட்டுச் சட்டையை அணிந்து, தன் தாய் பார்க்க மைதானத்தில் இறங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. வளைகுடாவில் ஆடுபவனை ஓய்வு பெற்றவன் என்றே அவர்கள் நினைப்பதாகச் சொல்வான். "மை புட்டா நஹீ, பாய்!" நான் கிழவன் இல்லை!

இனி வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குற்றத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமைகள்! விளக்குக் கம்பங்களைச் சுற்றி ஈரக்காற்று வெண்புகையாய்த் திரண்டிருக்கும். முசஃபா தொழிற்பேட்டையிலிருந்து தொழிலாளர் கேம்ப் பேருந்து வந்து நிற்கும். வெல்டர்கள், மெக்கானிக்குகள், டிரைவர்கள்... குளித்துத் தலைவாரி, பவுடர் மணக்க இறங்குவார்கள். இலவச நுழைவுச் சீட்டுகள் என் சட்டைப்பையில் இருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கத்து வெல்டர் செல்வம்தான் அவர்களுக்குத் தலைவன்.

"சார், நம்ம உஸ்மான் இன்னைக்கு எறங்குறானா? இல்லன்னா டிக்கெட்ட திருப்பிக் குடுத்துட்டு பஸ் ஏறிடுவோம்."

"ஓசி டிக்கெட்டுக்கு இவ்வளவு மிரட்டலா?"

"ஓசின்னாலும் லீவு நாளு எங்களோடதுல்ல சார்?"

ஆட்டம் தொடங்கினால் அரபுக் கூச்சலுக்கு நடுவே ஒரு தமிழ்க் கூச்சல் எழும். "உஸ்மானு, விட்றாதய்யா!" அவனும் திரும்பிக் கையசைப்பான். வாரம் முழுதும் "யெஸ் சார்" சொல்லிக்கொண்டிருந்த நான் அன்று மட்டும் பெரிய மனிதன். செல்வம் பக்கத்திலிருப்பவனிடம் என்னைக் காட்டிச் சொல்வான்: "உஸ்மான் சாரோட ஆளு."

என்னோட ஆளு! அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? மூன்றாம் சுற்றுத் தேநீரைவிட!

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அப்போதெல்லாம் எங்களுக்கு வியாழன் அரை நாள். மதியம் மூடினால் சனிக்கிழமைதான் திறப்பு. மறுநாள் கோப்பையின் அரையிறுதி. நான் நுழைவுச் சீட்டுகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், மெஷினு கத்துது, பாக்கலியளா?" என்றான் ஜமால், வாசலில் நின்று.

பேக்ஸ் இயந்திரம் ஒரு தாளைக் கக்கியது. பிரான்சிலிருந்து ஒரு கழகம். உஸ்மான் வேண்டும். புதிய ஆட்டக்காரர்களுக்கான பதிவு வெள்ளி மாலையோடு முடிகிறது. உடனே ஒரு சொல் போதும், தொலைபேசியிலேனும்...

"என்னது சார்?"

"விளம்பரம்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யல்ல. நாக்கு தானாகச் சொன்னது. பிறகுதான் மூளை அதற்கான விதிகளைத் தேடியது. அலுவலகம் மூடிவிட்டது. மூடிய அலுவலகத்துக்கு வந்த கடிதம் அடுத்த வேலை நாளில் வந்ததாகவே கொள்ளப்படும். தலைவர் பாலைவனத்தில் கூடாரம் போட்டிருந்தார். ஓய்வில் இருப்பவரைத் தொந்தரவு செய்யலாகாது. எவ்வளவு கச்சிதம்! ஆனால் தலைவரின் கார்த் தொலைபேசி எண் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. உஸ்மானோ சுவருக்கு அப்பால் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் முனகும் பாட்டு எனக்குக் கேட்டது...

கழகத்தின் நலனுக்காகவா செய்தேன்? அப்படித்தான் பல ஆண்டுகள் எனக்கே அறிக்கை கொடுத்துவந்தேன். பொய்! மறுநாள் அந்தப் பேருந்து வந்து நிற்கும்போது அவன் இல்லாமல் நான் யாராக இருப்பேன் என்று பயந்தேன்.

வெள்ளிக்கிழமை அவன் ஆடிய ஆட்டத்தை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். வென்றோம். செல்வம் என்னைத் தூக்கிச் சுற்றினான். நான் சிரித்தேன். சிரிக்க முடிந்ததே, அதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை!

சனிக்கிழமை காலை. பேக்ஸ் தாள் நாளடைவில் மங்கிவிடும் என்பதால் நகலெடுத்துக் கோப்பில் வைப்பது வழக்கம். தலைப்பில் அனுப்பிய நாளும் நேரமும் அச்சாகியிருக்கும். அதன்மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்து நகலெடுத்தேன். முத்திரை குத்தினேன். வருத்தமான முகத்தோடு உஸ்மானை அழைத்தேன்.

அவன் இருமுறை படித்தான். சன்னலுக்கு வெளியே பார்த்தான். பிறகு என் தோளைத் தட்டினான்... ஆம், அவன் என்னைத் தேற்றினான்!

"மாலேஷ், பாய். துமாரா கல்தீ நஹீ."

பரவாயில்லை, உன் தவறு இல்லை.

மீண்டும் எழுதிக் கேட்கச் சொன்னான். என் ஆங்கிலத்தில் நம்பிக்கை வைத்திருந்தான். எழுதினேன், அழகாகவே எழுதினேன். ஆனால் பேக்ஸில் அனுப்பவில்லை. உடனே பதில் வந்தால் வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்பார்களே! தபாலில் அனுப்பினேன். முறைப்படி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவோரம் அந்தத் தலை எட்டிப் பார்க்கும். "ஜவாப் ஆயா, பாய்?" பதில் இன்னும் வரவில்லை என்பேன். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். அந்தப் பதிலைக் கேட்கும் தைரியம் இல்லை.

பருவம் முடிந்தது. புதிய பயிற்சியாளர் தனக்குத் தெரிந்த வேறொருவனைக் கொண்டுவந்தார். உஸ்மானின் விசாவை ரத்து செய்யும் தாள்களை நானே தட்டச்சு செய்தேன், ஒரு பிழையும் இல்லாமல். குவைத்தில் ஃபஹாஹீல் பக்கம் ஒரு சிறிய கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. புறப்படும்போது அந்தக் கெண்டியை என்னிடம் கொடுத்தான். "மூன்று சுற்றும் ஊற்று, பாதியில் எழுந்து போகாதே" என்றான், இந்தியும் அரபியும் கலந்து. குவைத்து எண்ணை என் மேசைக் காகிதத்தில் அவனே எழுதினான். பதில் வந்தால் சொல்ல வேண்டுமாம்.

வந்தது. இயந்திரம் கத்தியது; நான் தனியாக இருந்தேன். எங்கள் கடிதம் தாமதமாகக் கிடைத்ததாம். "அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் தொலைபேசியருகே ஆள் வைத்திருந்தோம். தங்கள் மௌனத்தை மறுப்பாகக் கொண்டு வேறொருவரை எடுத்துக்கொண்டோம்."

விதிப்படி அன்றே ஆட்டக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். குவைத்து எண்ணைச் சுழற்றினேன். மணி அடித்தது. எதிர்முனையில் "ஹலோ" என்றது அவன் குரல்தான். "ஹலோ... ஹலோ..." ரிசீவரை வைத்துவிட்டேன்.

பிறகு முத்திரையை எடுத்தேன். இந்த முறை, அந்தப் பதில் வந்த நாளையே சரியாகத் திருப்பி வைத்துக் குத்தினேன்.

வியாழக்கிழமை, பிற்பகல்.