தூண் வெட்டப்பட்ட அரண்மனை

இன்று லோறென்ஸ்கூக்கில் கமலேஸ்வரி அன்ரியை அவருடைய வாடகைக் கராஜில் சந்தித்தேன். ஆம், மேடை அலங்காரம் செய்கிற அதே அன்ரிதான். அவர் கட்டிய கூரையைக் காட்டி வாட்ஸ்அப்பில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

பகலில் அன்ரிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. சனி ஞாயிறில் பிளாஸ்ரிக் தூணும் துணிப்பூவும் வாடகைக்குக் கொடுப்பார். யதுர்ஷா என்ற பிள்ளை, தான் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குக் கொரிய அரண்மனைதான் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறாள். அதற்காக சியோல் நகரத்து கியோங்போக் அரண்மனையின் படங்களைப் பார்க்கத் தொடங்கிய அன்ரி மயங்கியே போனார். வாடகைச் சாமான் வேண்டாம், இதை நானே கட்டுவேன் என்று முதல் தடவையாக ஆசை வந்ததாம்.

அந்த அரண்மனையின் அரியணை மண்டபம் வெளியே இரண்டு அடுக்குக் கூரை. உள்ளே போனால் மேல்மாடியே இல்லை, உச்சிவரை ஒரே வெளி! ஓரத்துத் தூண்கள் நடுத்தூண்களைவிடக் கொஞ்சம் உயரம். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் தூரத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குக் கூரை நுனி தொய்ந்ததுபோலத் தெரியுமாம். அன்ரியும் மரத்திலும் ரெஜிபோம் நுரை அட்டையிலும் அப்படியே செய்தார்.

சடங்கன்று காலை அந்த மண்டபத்தை மேடையில் நிறுத்திவிட்டு, கூடவே செய்திருந்த வாசல் கோபுரத்தைக் கராஜிலிருந்து ஏற்றிவர வான் வண்டியில் போனார். திரும்பி வந்தபோது யதுர்ஷாவின் தாய்மாமன் ஸ்ரீதரன் மரம் அரியும் வாளோடு நின்றார்.

"அக்கா, ஓரத்துத் தூணெல்லாம் உயர்ந்து நிண்டது. வெட்டிச் சரிக்கட்டிப்போட்டன்."

"அந்த உயரம் பிழையில்லைத் தம்பி," என்று மட்டும்தான் அன்ரியால் சொல்ல முடிந்தது. பிள்ளையை மேடைக்குக் கூட்டிவர வேண்டிய மாமனோடு அந்த நேரத்தில் எப்படிச் சண்டை பிடிப்பது?

வந்தவர்கள் தொய்ந்த கூரையைப் படம்பிடித்தார்கள். 'அரண்மனைக்கு முதுகு கூனிட்டுது' என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட, எங்கள் ஆட்கள் குடியிருக்கும் குரோருட்டிலிருந்து ரொம்மன்வரை பரவியது. அன்ரியிடம் பேசி வைத்திருந்த கல்யாண மேடை வேலைகள் கைவிட்டுப் போயின.

தூணை வெட்டியது தான்தான் என்று குழுவில் ஒரு வரி போடச் சொல்லி அன்ரி பிறகு ஸ்ரீதரனைக் கேட்டிருக்கிறார்.

"உதவி செய்ததும் குற்றமோ அக்கா?" என்று போனை வைத்துவிட்டாராம்.

மண்டபத்தை அன்ரி உடைத்துக் குப்பைக்குக் கொடுத்துவிட்டார். இனி மேடை வேலை இல்லை. கராஜையும் இந்த மாதக் கடைசியில் விடுகிறார்.

"ஆரோடையும் கோவம் இல்லைப் பிள்ளை. என்ர வேலை எப்பிடி இருந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் போச்சே, அதுதான்."

வாசல் கோபுரம் மட்டும் வாள் படாமல் கராஜில் நிற்கிறது. மூன்று வளைவு வழிகள், நடுவழி அரசனுக்கு. மேலே கூரை நுனிகள் நிமிர்ந்து நிற்கின்றன. அதன் கீழே நின்று அழுதுவிட்டேன். அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இதையும் பகிருங்கள். மாதம் முடிய முன்னம் ஒருக்கால் போய்ப் பாருங்கள். அன்ரி பின்னேரங்களில் அங்கேதான் இருப்பார்.