வெள்ளையம்மாவின் இருபத்து நாலாம் லெவல்

என் மடத்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அக்காவுக்கு உதவுவதாக நினைத்து, அவள் ஒரு கோடை முழுக்கப் பொத்திப் பொத்தி வளர்த்த ஒரு நல்லவளை, ஒரே பிற்பகலில் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் ரவுடியாக்கியவன் நான்.

சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்த மே மாதம்தான். மேனாம்பேட்டு வெயிலில் எங்கள் கம்ப்யூட்டர் பொசுக்கென்று நின்றுவிடும் என்பதால், அதன் பக்க மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பி வைத்துவிட்டு நாங்கள் வேர்த்துக்கொண்டிருப்போம். “மன்சனுக்குக் காத்து இல்ல, பொட்டிக்கு ஃபேனு” என்பாள் அம்மா.

நானும் அக்காவும் அதில் ஆடியது, கொடுங்கோல் ராஜாவிடமிருந்து நாட்டை ஊர் ஊராக மீட்கும் விளையாட்டு. ஒவ்வொரு வீரனுக்கும் கீழே இரண்டு கோடுகள். ஒன்று லெவல், மற்றதற்கு அக்கா வைத்த பெயர் “மனசு”. லெவலில் தன்னைவிடப் பெரியவனை ஜெயித்தால் மனசு ஏறும். சின்னவனைப் போட்டு மிதித்தால் லெவல் ஏறும், மனசு இறங்கும். மனசு நிறைந்தவர்கள் போய்க் கோட்டைக் கதவைத் திறந்தால்தான் மக்கள் பூத்தூவுவார்கள், கடைசியில் நல்ல முடிவும் வரும். வெள்ளை அங்கி வைத்தியக்காரிக்கு வெள்ளையம்மா என்று பெயரிட்டு, அவளைக் கொண்டே எல்லா ஊரையும் திறந்துவந்த அக்கா, “ஓட்றவன ஓட வுடுடா” என்று என்னைத் தினமும் அதட்டுவாள். எனக்கோ உட்காரும் இடத்தில் எறும்பு கடிக்கும். லெவல் ஏறும்போது வரும் அந்த ‘டிங்’ சத்தம் ஐந்து நிமிடம் கேட்காவிட்டால் நகத்தைக் கடித்து, விரலுக்கே வந்துவிடுவேன்.

திங்கட்கிழமை அக்கா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போகிறாள். அதற்குள் முடிவைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் தவம். இன்னும் மூன்றே ஊர். வியாழக்கிழமை, ஹாஸ்டலுக்குத் தகரப்பெட்டி வாங்க அப்பாவுடன் அவள் பூந்தமல்லி போன நேரத்தில், வழியனுப்புப் பரிசாக அவளுடைய படையை உரமேற்றி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. காட்டோரம் பயந்து ஓடும் குட்டிப் பூதங்களை வளைத்து வளைத்து வெள்ளையம்மாவை விட்டு அடித்தேன். டிங். ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற எதிர்வீட்டு பாஷா, “வுடாத மச்சான், ஏத்து!” என்று கத்தினான். டிங், டிங். ஒன்பதாம் லெவலில் இருந்தவள் இருபத்து நாலுக்குப் போனாள். மனசு காட்டும் கோட்டின் பக்கம் நான் திரும்பவே இல்லை. பழைய ஆட்டத்தின் மேலேயே ‘சேவ்’ செய்துவிட்டு, பாராட்டுக்காக வாசலில் காத்திருந்தேன்.

அக்கா வந்து அடுத்த ஊரைத் திறந்தாள். பூவுக்குப் பதில் கல் வந்தது.

“இன்னாடா பண்ணி வெச்சிகிற என் வெள்ளையம்மாவ?”

“ஏத்தி வெச்சிகிறேன்கா.”

“யார அடிச்சி?”

நான் காலால் தரையைச் சுரண்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை அந்த நாடு முழுக்க அலைந்தோம். பெரியவனை ஜெயித்தால் மனசு திரும்பும் அல்லவா? ஆனால் இருபத்து நாலுக்கு மேலே அங்கே ஒருவனும் இல்லை. கொடுங்கோல் ராஜாவே இருபத்திரண்டுதான். “இவ நல்லவளாவறதுக்கு இவள விடப் பெரியவன் வேணும். எவன்டா கீறான்?” என்று கேட்டு அக்கா மவுஸை நகர்த்தி வைத்தாள். “நாளைக்கி ஊருக்குப் போற பொண்ணு, ஒரு பொம்மைக்காவ அழுவுது பாரு” என்று அம்மா மட்டும் சிரித்தாள். திங்களன்று ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த அக்கா, வண்டி நகரும்வரை அப்பாவோடுதான் பேசினாள்.

அந்தக் கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள் அடுக்குமாடியாகி, இப்போது அந்த விளையாட்டின் சி.டி.யைப் போடத் துளையே இல்லாத கம்ப்யூட்டரோடு நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன்; அங்கேயும் சுலபமான வேலைகளாகப் பொறுக்கி முடித்து, எண்ணிக்கை காட்டி, பதவி ஏறிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அதே விளையாட்டு செல்போனில் கிடைத்தது. உடனே கோயம்புத்தூரிலேயே தங்கிவிட்ட அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: “அக்கா, முதல்லேர்ந்து ஆடி நல்ல முடிவு வர வெச்சித் தர்றேன், இந்தத் தபா பொறுமையா.”

பதில் ஒரே நொடியில் வந்தது.

“நீ கை வெக்காத.”